குளியலறைக்கு ஓடு பதிப்போம்

சார்மினாரைக் காணச் செல்லும் நம் நண்பர்களில் பலர், பக்கத்தில் பத்தர்கட்டியில் இருக்கும் பாதுஷாஹி ஆஷூர்கானாவை எட்டிப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். முகம்மது குலி குத்ப் ஷா 1590-களில் கட்டுவித்த மண்டபம் அது. 1611-இல் நிறைவுற்ற அதன் வண்ணச் சுவரோடுகள் நானூறு ஆண்டு கடந்தும் ஒளி மங்கவில்லை. ஆயினும் 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தபோது கீழ்ப்பகுதி ஓடுகள் சேதமுற்றன. பின்னர் அவ்விடங்களில் ஓட்டைப் போல் வண்ணம் தீட்டி ஒப்பேற்றினர்.

ஓட்டின் முகத்தில் தெறிக்கும் நீர் ஓட்டை ஒன்றும் செய்வதில்லை. முதுகுப்புறம் புகும் நீரே கேடு செய்வது. ஓடு போட்டுவிட்டால் தண்ணீர் இறங்காது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தவறு. ஓடுகளின் இடைவெளி வழியே நீர் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். மாடிக் குளியலறையாயின், அது தளத்திலுள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் காரையைப் பிளக்கும். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கூரையில் ஈரம் என்னும் நாளில், போட்ட ஓட்டை உடைப்பது தவிர வேறு வழி இராது.

மூன்றடிச் சதுர ஷவர் மூலையை விடுமுறையில் நாமே செய்து முடிக்கலாமா? பொறுமை இருந்தால் முடியும். குழாய் வேலையையும் மின்சார வேலையையும் மட்டும் அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் சரிவு. கொத்தனார்கள் இதை ‘வாட்டம்’ என்பர். அடிக்குக் கால் அங்குலம் வீதம், மூன்றடிக்கு முக்கால் அங்குலம், நீர் போகும் வாயை நோக்கிச் சிமெண்டுச் சாந்தால் வாட்டம் விட வேண்டும். அந்த வாயில் வைக்கும் ‘நஹானி டிராப்’ குளிப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லால் பெயர் பெற்றது; நம் ஊரில் அது ஏனோ வெட்கப்பட்டு ‘நாணி டிராப்’ ஆகிவிட்டது!

சாந்து இறுகியபின் நீர்காப்புப் பூச்சு. பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை இரண்டு முறை பூசுங்கள். முதற்பூச்சு இடவலமாயின் அடுத்தது குறுக்காக. ஷவர்ச் சுவரில் ஆறடி உயரம் வரை பூச வேண்டும். சுவரும் தரையும் கூடும் மூலையிலும் குழாய் துளைத்து வரும் இடத்திலும் வலைத்துணி பதித்துப் பூசுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. பூச்சு நன்கு காய்ந்ததும் வாயை அடைத்து, ஓரங்குலம் நீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விட்டுவையுங்கள். கீழ்க்கூரையையும் சென்று பாருங்கள். இச்சோதனையின்றி ஓடு பதிப்பவர் தேர்வு எழுதாமலே பட்டம் கேட்பவர் அன்றோ?

அடுத்து, ஓடு. செராமிக் சுவரோடு பொதுவாகத் தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீர் குடிக்கும். விட்ரிஃபைடு ஓடு அரைப் பங்குகூடக் குடிக்காது. நீரில் ஊறவைத்துச் சிமெண்டுப் பாலில் ஒட்டும் பழைய முறை முன்னதற்குப் பொருந்தும். பின்னதில் சிமெண்டு பிடிக்காது; டைல்ஸ் பசையே வேண்டும். பசையைப் பல்வைத்த கரண்டியால் முதுகு முழுவதும் படும்படி வாருங்கள்; நான்கு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டினால் நடுவில் நீர் தங்கும் அறை உண்டாகும். பசை இறுகியபின், சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஒலி கேட்டால் அந்த ஓட்டைப் பெயர்த்து மீண்டும் பதியுங்கள். தரைக்குச் சொரசொரப்பானதே நல்லது.

ஒரு நாள் கழித்து, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகளைக் கிரவுட்டால் நிரப்பலாம். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிகான் இடுங்கள். இரண்டும் தனித்தனியே அசைவன; விறைத்த கிரவுட்டு அங்கே வெடிக்கும்.

இந்நகரில் தரைக்குத் தாண்டூர்க் கல்லும் ஷாஹாபாத் கல்லும் போடுவதுண்டு. ஷாஹாபாத் 1956 வரை ஐதராபாத் மாநிலத்தில் இருந்தது. இன்று கர்நாடகத்தில் உள்ளது. இரண்டும் சுண்ணாம்புக்கற்களே. ஆழ்குழாய்க் கிணற்று நீர் விட்டுச் செல்லும் வெள்ளைக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவோர் உளர். ஆசிட் பட்டால் கல் நுரைத்துக் கரையும். ஓட்டுக்கு இடையிலுள்ள சிமெண்டுக் கிரவுட்டும் அரிபட்டு, நீருக்கு வழி திறக்கும். சோப்புத்தூளும் தேய்ப்பானும் போதும். குளித்தவுடன் தரையைத் துடைத்துவிட்டால் கறையே அதிகம் படியாது.