மலிவு என்னும் மயக்கம்

தாம்பரத்தில் தொடங்கிப் பல்லாவரம் வழியாகத் துரைப்பாக்கம் போய், சிறுசேரி வரை ஒருமுறை சென்று வாருங்கள். எங்கு நோக்கினும் கண்ணாடி மாளிகைகள்! கிழக்கு வெயிலுக்கும் மேற்கு வெயிலுக்கும் கதவைத் திறந்து வைத்து, வந்த வெப்பத்தை விரட்ட இயந்திரம் வாங்குகிறோம். விருந்தாளியை அழைத்தவரும் நாமே, விரட்ட ஆள் வைப்பவரும் நாமே!

அந்த இயந்திரத்துக்கு டெண்டர் விடுகிறார்கள். குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. "செலவைக் குறைத்துவிட்டோம்" என்று பூரிக்கிறார் முதலாளி. எங்கே குறைந்தது என்று கேட்டாரா? குளிர்நீர்க் குழாயைப் போர்த்தும் காப்புறையின் கனத்தில் குறைந்தது. கூரைக்கடியில் சாரத்தில் நின்று டக்ட் தொங்கவிடும் தொழிலாளியின் கூலியில் குறைந்தது. அவன் இடுப்பில் இருக்க வேண்டிய பாதுகாப்புப் பட்டையில் குறைந்தது. முதல் கோடையிலேயே, கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் படிந்து, வியர்த்து, பொய்க்கூரை வழியே சொட்டுகிறது. டெண்டரில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்துக்கு மாதத் தவணையாகக் கட்டுகிறார் அதே முதலாளி!

காப்புறை என்றால் அற்பமா? சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறதே, அது 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, டியூடர் என்ற வணிகரின் கப்பலேறி, பூமத்திய ரேகையை இருமுறை தாண்டி, இங்கே வந்து இறங்கியது. மின்சாரம் இருந்ததா? மோட்டார் இருந்ததா? சுற்றி அடைத்த மரத்தூள்தான் காவல்!

குளிர்சாதனத்தை நாம் 'டன்' என்று அளப்பதும் அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் எச்சமே. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது விழுங்கும் வெப்பம், ஏறத்தாழ 3.5 கிலோவாட், அதுதான் ஒரு டன். பெரும்பணம் பாழாவது இந்த டன் கணக்கில்தான். சதுர அடியை எண்ணி வாய்க்கணக்காக ஒரு தொகை; "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆலோசகர் கூட்டுவது கொஞ்சம்; அவரை நம்பாமல் ஒப்பந்தக்காரர் கூட்டுவது கொஞ்சம். அச்சம் இயந்திரமாக உருவெடுத்து மாடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது! சுவருக்கு நிழல் தந்து, கூரைக்கு வெள்ளை பூசி, உள்ளே எத்தனை பேர், எத்தனை கணினி என்று ஒழுங்காகக் கணக்கிட்டால், வாங்கும் டன்னே குறையும். டன் குறைந்தால் குழாய் சிறுக்கும், மின்கம்பி மெலியும், ஜெனரேட்டரும் சுருங்கும். கூலியில் கைவைக்கத் தேவையே எழாது.

தாம்பரம் சானடோரியத்தைக் கட்டி 1928-ல் திறந்த டாக்டர் சௌரி முத்து, காற்றையே மருந்தாக்கினார். இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. காற்று எந்தத் திசையில் வரும் என்று அவர் பார்த்தாரே, அதைப் பார்த்துவிட்டு வரைபடம் போடுங்கள் என்கிறோம்.

தரமணியில் 2000-ல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவில், இரவில் குளிரை உறையவைத்துச் சேமித்து, பகலில் எடுத்துச் செலவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பகல் உச்சத்துக்கென்று பேரியந்திரம் வேண்டாம்; இரவும் உழைக்கும் சிறிய இயந்திரம் போதும். எல்லாக் கட்டடத்துக்கும் இது ஒத்துவராது, பெரியவற்றுக்குப் பொருந்தும். சிறியவர்கள் விசிறியின் வேகத்தையாவது தேவைக்கேற்பக் குறைக்கட்டும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், விசிறி தின்னும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிறது!

வெப்பமூட்டும் செலவு நமக்கு ஏது என்று நகைப்பவர்கள், ஜி.எஸ்.டி. சாலை ஓட்டல்களின் பின்கட்டைப் பார்க்கட்டும். மாடியில் குளிர்ப்பொறி வெப்பத்தை வானத்தில் கொட்டுகிறது. கீழே குளியலுக்கு வெந்நீர் காய்ச்சப் பாய்லர் டீசல் குடிக்கிறது. அந்த வெப்பத்தை இந்த நீருக்குத் திருப்பிவிடும் கருவி கடையிலே கிடைக்கிறது. வாங்கத்தான் மனம் வரவில்லை.

டெண்டர் படிவத்தில் இரண்டே வரிகள் கூடுதலாகக் கேட்கிறோம். ஒன்று, இயந்திர விலையோடு பத்தாண்டு மின்கட்டணத்தையும் சேர்த்துக் காட்டிய தொகை. மற்றொன்று, உயரத்தில் வேலை செய்பவனின் கூலிக்கும் பாதுகாப்புப் பட்டைக்கும் தனித் தொகை. அதில் எவரும் எவரோடும் போட்டியிட்டுக் குறைக்கக் கூடாது.