கால் ஆணி பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம்: சர்க்கரை நோயாளிகள் அறிய வேண்டியவை

சாலிசிலிக் அமிலம் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அது நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. பொடுகு ஷாம்பு, முகப்பருவுக்கான ஃபேஸ்வாஷ், படர்தாமரைக் களிம்பு, மருவுக்கு வைக்கும் சொட்டு மருந்து, கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி எனப் பலவற்றில் இது சேர்க்கப்படுகிறது. கடைசியாகச் சொன்ன பிளாஸ்திரிதான் சர்க்கரை நோயாளிகள் இருக்கும் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது.

மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து

வில்லோ மரத்தை அரபியில் ஸஃப்ஸாஃப் என்பார்கள். அதன் பட்டை வலிக்கும் காய்ச்சலுக்கும் நல்லது என்பது பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. 1763இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், அந்தப் பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1838இல் இத்தாலிய வேதியியலாளர் ரஃபாயேல் பிரியா, பட்டையில் உள்ள சாலிசின் என்ற பொருளிலிருந்து இந்த அமிலத்தைப் பெற்றார். காய்ச்சலையும் வலியையும் தணித்தாலும் அது வயிற்றைப் புண்ணாக்கியது. அதைச் சற்று மாற்றி, 1899இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மருந்துதான் ஆஸ்பிரின்.

தோலில் என்ன செய்கிறது?

இது வெண்ணிறப் படிகம். குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது. ஆல்கஹாலில் நன்கு கரையும். ஒரே மூலக்கூறில் ஃபீனால் தொகுதியும் அமிலத் தொகுதியும் இருப்பதால் ஃபீனாலிக் அமிலம் எனப்படுகிறது.

நம் தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அந்தப் பிணைப்பை இந்த அமிலம் தளர்த்துகிறது. காய்ப்புப் பிடித்த தோல் மெதுவாகி உரிந்து வருவது இதனால்தான். எவ்வளவு வலிமையாக வேலை செய்யும் என்பது அளவைப் பொறுத்தது. முகப்பரு மருந்துகளில் இது 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். மருவுக்கான திரவத்தில் 17 சதவீதம் அளவில் இருக்கும். கால் ஆணி பிளாஸ்திரியிலோ 40 சதவீதம் வரை இருக்கும்.

வலிக்காததே ஆபத்து

பிளாஸ்திரி ஆணியைத் தாண்டி நல்ல தோலில் பட்டால் அதையும் அரித்துவிடும். மற்றவர்களுக்கு எரிச்சல் தெரியும். உடனே பிய்த்து எறிவார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் கால் நரம்பு மரத்துப்போனவருக்கு அது தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரிக்கும்போது தோல் வெந்து வெளுத்து, அடியில் புண் இருக்கும். காலில் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் எளிதில் ஆறாது. கிருமி உள்ளே இறங்கினால் விரலையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

எனவே சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கி இதை ஒட்டக் கூடாது. பிளேடால் சீவுவதும் கூடாது. மருத்துவரிடம் காட்டுவதே சரி. ஒளூவுக்காகக் கால் விரல்களைக் கோதிக் கழுவும்போது, விரலிடுக்கையும் பாதத்தின் அடியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

குழந்தைகள் விஷயத்தில்

காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு நாமாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஃப்ளூ, அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறி அரிதாக வரக்கூடும். டெங்குவில் பெரியவர்களுக்கும் அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். அதே சமயம், இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

வலித் தைலங்களில் வரும் விண்டர்கிரீன் எண்ணெய் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

பாதுகாப்பாகக் கையாள

• வாங்கும்போது அட்டையில் சதவீதத்தைப் பாருங்கள். முகத்துக்கு உரியது வேறு, காலுக்கு உரியது வேறு.
• மரு மருந்தை வைக்கும் முன் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவுங்கள்.
• வெடிப்பு, புண், மச்சம் ஆகியவற்றின் மேல் போடாதீர்கள். உடம்பின் பெரும்பகுதியில் பூசாதீர்கள். தோல் வழியே இரத்தத்தில் சேரும்.
• கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.
• கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.
• யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காதில் இரைச்சல், வேகமான மூச்சு, வாந்தி ஆகியவை விஷம் ஏறியதற்கான அறிகுறிகள். அவை தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மேலே பூசுவதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உள்ளது. இந்த அமிலத்தின் விஷயத்தில் அந்த எண்ணம் ஒரு காலுக்கே விலையாகிவிடலாம். இன்றே வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, கால் ஆணி பிளாஸ்திரி இருக்கிறதா, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.