மழையில் மிதிவண்டி

மழை மேலிருந்து பெய்கிறது என்று நாம் எண்ணுகிறோம். நடந்து செல்வோருக்கு அது முற்றிலும் உண்மை. மிதிவண்டியில் செல்வோருக்கோ மழை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. வானத்திலிருந்து வருவது ஒன்று. சாலையிலிருந்து சக்கரம் அள்ளி வீசுவது மற்றொன்று. முன்னது தூய நீர். உடை உலர்ந்துவிட்டால் அதன் சுவடே இராது. பின்னதோ சேறும் சாணமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்தது. மழை நின்றாலும் இது நிற்பதில்லை. சாலையில் ஈரம் உள்ளவரை பெய்துகொண்டேயிருக்கும்.

சென்னையின் புறநகரிலிருந்து நாள்தோறும் பணிக்கு மிதிவண்டியில் சென்று வருபவன் நான். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், இந்த இரண்டாவது மழையைப் பற்றிய சிந்தனை எனக்கு வந்துவிடும். எனக்கு மட்டுமன்று, விடியுமுன் பால் கொண்டு செல்வோர், நாளிதழ் போடுவோர், கட்டட வேலைக்குப் போவோர், சீருடையில் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியர் ஆகிய அனைவருக்கும் உரிய கவலை இது. முதுகில் சேற்றுக் கோடு விழுந்த சட்டையோடு வகுப்பில் நாள் முழுதும் அமர்ந்திருப்பது ஒரு சிறுமிக்கு எவ்வளவு கூச்சம் தரும் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து மட்கார்டு. தமிழில் சேற்றுக்காப்பு என்று அழகாகச் சொல்லலாம். ஆனால் சைக்கிள் கடையில் சென்று சேற்றுக்காப்பு வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே மட்கார்டு என்றே இங்கும் வழங்குகிறேன்.

அது எப்படி இருக்க வேண்டும் என்று அறிவதற்கு முன், சக்கரம் நீரை வீசும் விதத்தைச் சற்று நோக்க வேண்டும். வண்டி என்ன வேகத்தில் செல்கிறதோ அதே வேகத்தில் டயரின் விளிம்பும் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. விளிம்பில் ஒட்டிய நீர்த்துளி, பிடி நழுவும் இடத்திலிருந்து நேர்கோட்டில் புறப்படும். கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 5 மீட்டர். பின்சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து இந்த வேகத்தில் மேல்நோக்கிக் கிளம்பும் துளி, கணக்கின்படி ஏறத்தாழ 1.27 மீட்டர் எழும்பும். அச்சின் உயரத்தையும் அதனோடு கூட்டினால் 1.6 மீட்டருக்கு மேல் ஆகிறது. காற்றின் தடை இதைச் சிறிது குறைத்தாலும், பிடரி வரை சேறு ஏறுவதன் காரணம் இதுவே. வேகத்தைப் பாதியாக்கினால் துளி எழும்பும் உயரம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது 32 சென்டிமீட்டர்தான். அது சீட்டின் உயரத்தைக்கூட எட்டாது. மட்கார்டு இல்லாத வண்டியில் மழையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் செய்யக்கூடியது என்ன என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

முன்சக்கரம் இன்னும் பொல்லாதது. அதன் மேற்பகுதி முன்னோக்கி நீரை வீசுகிறது. அவ்வாறு வீசப்பட்ட நீருக்குள் நாமே சென்று புகுகிறோம். எதிர்காற்று அதைக் கண்ணிலும் வாயிலும் கொண்டு சேர்க்கிறது. அதன் கீழ்ப்பகுதியோ, தரையைத் தொட்டு எழுந்த உடனேயே, நீரையும் மணலையும் பின்னோக்கி ஏறக்குறையத் தரைமட்டமாகவே வீசுகிறது. அது போய் விழும் இடம் நம் பாதங்களும், பெடலும், செயினும், பெடல் அச்சுக்குள் இருக்கும் குண்டுகளும் ஆகும். மழைக்காலம் முடிந்ததும் பெடல் சுற்றும்போது கரகரவென்று ஓசை கேட்கிறதே, அது பெரும்பாலும் முன்சக்கரம் செய்த வேலை.

ஆகையால் மட்கார்டு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பளபளப்பை அன்று. முன் மட்கார்டின் பின்நுனி எவ்வளவு தாழ வருகிறது என்பதைத்தான். அச்சின் மட்டத்தோடு நின்றுவிடும் மட்கார்டு முகத்தைக் காக்கும், காலைக் காக்காது. அச்சுக்கும் கீழே வெகுவாக இறங்கி, அதன் நுனியில் ஒரு ரப்பர் மடலும் தொங்கினால்தான் பாதம் நனையாது. மடலின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதற்கும் தாழ்ந்தால் வேகத்தடைகளில் உரசும்.

அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரை விட மட்கார்டு 1 சென்டிமீட்டராவது அகலமாக இருத்தல் நலம். நம் ஊர்களில் பெரிதும் வழங்கும் 28 அங்குலச் சக்கரத்தில் ஒன்றரை அங்குல டயர் போடுகிறார்கள். அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். மட்கார்டு 50 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இக்காலத்தில் தடித்த டயர் பூட்டிய வண்டிகளை இளைஞர்கள் விரும்புகிறார்கள். அவற்றுக்குச் சீட்டின் அடியில் பறவையின் வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பூட்டித் தருகிறார்கள். முதுகில் கோடு விழாமல் அது தடுக்கும் என்பது உண்மையே. முன்சக்கரத்தின் குறும்புகளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அதை மட்கார்டு என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்ற கேள்வி. இதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. தார்ச்சாலையிலேயே செல்பவருக்குச் சுண்டுவிரல் தடையின்றி நுழையும் இடம் போதும். ஆனால் கோவில்பட்டிச் சீமையின் கரிசல் பாதையில் மழை நாளில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப் போவது நன்கு தெரியும். கரிசல் மண் ஈரம் பட்டால் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாகிவிடும். டயரில் அப்பிக்கொண்ட மண் மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் நோண்டி எடுத்தாலும் பதினோராவது அடியில் சக்கரம் நின்றுவிடும். அதன் பிறகு மனிதன் வண்டியில் ஏறிச் செல்வதில்லை. வண்டிதான் மனிதனின் தோளில் ஏறிச் செல்கிறது! அங்கே மட்கார்டை நன்றாகத் தூக்கிப் பூட்டுவதே அறிவுடைமை. மழை மாதங்களில் அதைக் கழற்றி வைத்துவிடும் உழவர்களை நான் குறை கூற மாட்டேன். நகரத்தில் காப்பாக அமைவது கரிசல் காட்டில் விலங்காகிவிடுகிறது.

இடைவெளி குறைவதில் வேறோர் அபாயமும் உண்டு. எங்கள் தெருவில் நாளிதழ் போட்டுவந்த இளைஞர் ஒருவர், புயற்காற்று அடித்து ஓய்ந்த ஒரு கார்த்திகை விடியலில், முறிந்து கிடந்த வேப்பங்குச்சியின் மீது வண்டியை விட்டார். குச்சி முன்சக்கரத்தோடு எழும்பி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே செருகிக்கொண்டது. மெல்லிய மட்கார்டு மடிந்து முன்கவையின் கீழ் சுருண்டது. சக்கரம் அக்கணமே நின்றது. இளைஞர் ஹாண்டில்பாரைத் தாண்டிச் சாலையில் விழுந்தார். காறை எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். அக்குடும்பத்தின் காலை வருமானம் அவரே. இத்தகைய விபத்தைத் தடுக்க, மட்கார்டைத் தாங்கும் கம்பிகள் வெடுக்கென்று இழுபட்டால் தாமே விடுபடும்படி முன்கவையில் பிளாஸ்டிக் கொக்கிகள் வைத்து ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் செய்கிறார்கள். கிடைக்குமானால் அத்தகையதை வாங்குவது மேல். கிடைக்காதபோது, தகடு தடிப்பாக இருக்கிறதா, தாங்கு கம்பிகள் அசையாமல் நிற்கின்றனவா, நட்டுகளின் அடியில் சுருள் வாஷர் உள்ளதா என்றாவது பார்த்துக்கொள்ள வேண்டும். கடகடவென்று ஓசையிடும் முன் மட்கார்டை ஒருநாளும் அப்படியே விட்டுவைக்கலாகாது.

எந்தப் பொருளால் செய்தது நல்லது? அலுமினியம் துருப்பிடிக்காது; ஆனால் ஆணி அடித்த துளையருகே அதிர்ச்சியால் விரிசல் விடும். பிளாஸ்டிக் இலேசானது, மலிவானது பல ஆண்டு வெயில் பட்டால் நொறுங்கும். இரும்புத் தகடு கனமானது. சுருட்டிய விளிம்பில் நீர் தங்கித் துருவேறும். இருந்தும் நம் ஊர்ச் சாதாரண வண்டிக்கு இரும்புத் தகட்டையே நான் பரிந்துரைப்பேன். நெளிந்தால் எந்தச் சிற்றூர்க் கடையிலும் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். பூட்டுவதற்கு முன் அதன் உட்புறத்தில் இரண்டு பூச்சு வண்ணம் அடித்துவிட்டால் ஆயுள் கூடும். வெளிப்புற அழகில் கவனம் செலுத்தும் நாம், சேறு படும் உட்புறத்தை மறந்துவிடுகிறோம்.

மட்கார்டு உடையைக் காக்கும். உயிரைக் காப்பது பிரேக். மழையில் முதலில் கைவிடுவதும் அதுவே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1971ஆம் ஆண்டளவில் இதை ஆராய்ந்தார்கள். குரோமியப் பூச்சுள்ள இரும்பு ரிம்மில் சாதாரண ரப்பர்க் கட்டை, நனைந்த நிலையில், உலர்ந்த நிலையில் தரும் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தரவில்லை என்று கண்டார்கள். ரிம்மின் மேலுள்ள நீரைக் கட்டை துடைத்தெடுத்த பிறகே பிடிப்புத் திரும்புகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். துடைப்பதற்குப் பத்துச் சுற்று ஆனால் 22 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஒரு பேருந்தின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு! ஆதலின் சந்திப்பு கண்ணுக்குத் தெரிந்தவுடனேயே பிரேக்கை இலேசாக அழுத்தி, பெடலையும் மிதித்துக்கொண்டே ரிம்மைத் துடைத்துவிட வேண்டும். தேவை வரும்போது பிடி தயாராக இருக்கும். அலுமினிய ரிம் இந்த வகையில் இரும்பை விட மேலானது. தட்டு பிரேக் உள்ள வண்டிகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மோட்டார் வண்டிகள் வேகமாகச் செல்லும்போது டயர் நீரின்மேல் மிதந்து வழுக்குவதுண்டு. மிதிவண்டிக்கு அந்த அச்சம் வேண்டாம். அதன் டயரில் உள்ள காற்றழுத்தத்துக்கு அவ்வாறு மிதக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். நம்மை வீழ்த்துவன வேறு. நடைபாதைக் கடப்பின் வெள்ளைக் கோடுகள், சாக்கடையின் இரும்பு மூடிகள், நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்த முதல் தூறலில் மிதக்கும் எண்ணெய் ஆகியவற்றின்மேல் வண்டியைத் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராக ஓடிக் கடந்துவிட வேண்டும். இருப்புப்பாதையைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். தேங்கிய நீரின் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடியில்லாத குழியும் இருக்கலாம். அறுந்து விழுந்த மின்கம்பியும் இருக்கலாம். இறங்கித் தள்ளிச் செல்வதிலும், சுற்றிச் செல்வதிலும் வெட்கமில்லை. கம்பி கிடப்பதாக ஐயம் எழுந்தாலோ அந்நீரில் கால் வைக்கவே கூடாது.

குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டும் வித்தையைப் பலர் பெருமையாகச் செய்கிறார்கள். அவ்வித்தையில் எஞ்சிய ஒரு கையில் ஒரு பிரேக்கே உண்டு என்பதையும், குடை காற்றுக்குப் பாய்மரம் ஆகும் என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணி இதைவிட எவ்வளவோ மேல். இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கின்றன. மழையங்கி அணிவோர் அதன் தொங்கல் செயினிலும் கம்பிகளிலும் சிக்காதபடி இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளட்டும். விளக்குக்கு டைனமோ வைத்திருப்பவர்கள், ஈர டயரில் அதன் உருளை வழுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின் மட்கார்டின் நுனியிலுள்ள வெள்ளைப் பட்டையையும் சிவப்புப் பிரதிபலிப்பானையும் புறப்படுமுன் துடைத்துவிடுங்கள். மழையிருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம்மைக் காட்டுவது பல வேளைகளில் அவை மட்டுமே.

வீடு சேர்ந்ததும் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. ஒரு பழந்துணியால் செயினைத் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விட வேண்டும். ரிம்மில் எண்ணெய் படக் கூடாது. பிரேக் கட்டைகளில் பதிந்த மணலை ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். இல்லையேல் அது அரம் போல ரிம்மை அராவிவிடும். மட்கார்டின் உட்புறத்தில் ஒரு குவளை நீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

மடல் இல்லாத மட்கார்டு உள்ளவர்கள் கடைக்குப் போகவும் வேண்டாம். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட லாரி டியூபிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, மேல்விளிம்பில் இரண்டு துளையிட்டு, மட்கார்டின் நுனியில் உட்புறமாக வைத்து நட்டு போட்டு முடுக்கிவிடலாம். நட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு வாஷர் வைத்தால் துளை கிழியாது.