பொறி பிறக்கும் வேளை

சென்னையிலிருந்து சித்தூர் வழியே பெங்களூர் செல்லும் பழைய பாதையில், பங்காருபாளையத்தைக் கடந்ததும் மொகிலிக் கணவாய் எதிர்ப்படும். அதன் மேலேயுள்ள பலமநேர், சித்தூரைவிட 300 மீட்டருக்கு மேல் உயரமானது. சமவெளியில் குறையின்றி ஓடிவந்த பழைய கார், இந்த ஏற்றத்தில் மட்டும் ‘டக் டக்’கென்று தட்டித் திணறுவதுண்டு. ஓட்டுபவர் பெட்ரோலைப் பழிப்பார். குற்றமோ பல வேளைகளில் டிஸ்டிரிபியூட்டரில் இருக்கும்.

டிஸ்டிரிபியூட்டரின் கடமை இரண்டு. எந்தச் சிலிண்டருக்கு மின்பொறி செல்ல வேண்டும் என்பது ஒன்று. எப்போது செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதே கடினம். ஏன்? பொறி விழுந்த கணமே ஆவி முழுதும் எரிந்துவிடுவதில்லை. சில மில்லிநொடிகள் ஆகும். நிமிடத்திற்கு 600 சுற்றில் ஒரு மில்லிநொடிக்குள் இஞ்சின் 3.6 பாகைதான் திரும்பும். 3,000 சுற்றிலோ 18 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக் கூடப் பொறி முந்திப் பிறக்க வேண்டும். இதைச் செய்பவை இரு சிறு எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் வில்சுருள்களும் ஆம். இலேசான பளுவில் மேலும் முந்தச் செய்வது, இஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் சவ்வு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தும்போது உறிஞ்சல் குன்றும், அம்முந்தலும் விலகும்.

நாம் நன்கறிந்த அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றது. இன்று பழைய வண்டிகளில் அசலுக்குப் பதிலாகப் பிறர் செய்த மாற்றுக் கருவியே பெரிதும் கிடைக்கிறது. அது இடத்தில் பொருந்தலாம். ஆனால் அதன் எடையும் வில்சுருளும் வேறோர் இஞ்சினுக்கென அமைந்தவையாக இருக்கலாம். பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு.

அதைச் செப்பனிடும் முறை இது. மூடியில் மயிரிழை வெடிப்போ கரிக்கோடோ உண்டா என்று பாருங்கள். தண்டை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்தது. அதை மாற்றாமல் வேறெதைத் திருத்தியும் பயனில்லை. எடைகளைக் கழுவி எண்ணெயிடுங்கள். தளர்ந்த வில்சுருளை வெட்டிச் சுருக்காதீர்கள். சவ்வின் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு நகர்ந்து, விடும்வரை நிற்க வேண்டும். இல்லையேல் சவ்வு கிழிந்தது. பின்னர் பாயிண்டின் இடைவெளியை வையுங்கள். லூகாஸ் வகைக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் பொறிநேரமும் மாறும். ஆதலால் இடைவெளி முதலில், நேரம் பிறகு.

நேரம் வைக்க, முதல் சிலிண்டரை அழுத்த வீச்சில் கொணர்ந்து, கப்பியின் குறியைக் கையேடு சொல்லும் பாகையில் நிறுத்துங்கள். பாயிண்டின் கம்பிக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து, சாவியைப் போடுங்கள். சுழலி சுற்றும் திசையில் கருவியைத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியும் அக்கணமே பாயிண்ட் பிரியும் கணம். அங்கே இறுக்குங்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இது நின்ற நிலையின் கணக்கு மட்டுமே. சவ்வின் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, மின்னி மறையும் டைமிங் விளக்கைக் கப்பியின்மேல் பிடித்து வேகத்தைக் கூட்டுங்கள். குறி சீராக நகர்ந்து, கையேட்டின் எல்லையில் நிற்க வேண்டும். நகராவிடில் எடைகள் இறுகியுள்ளன. பொறி பிந்தி இஞ்சின் சூடேறும். விரைந்து தாவினால் வில்சுருள் தளர்ந்துள்ளது. கணவாயில் கேட்ட தட்டல் இதன் விளைவாகலாம். அத்தட்டலைப் பொறுத்துக்கொண்டே ஓட்டினால் நாளடைவில் பிஸ்டன் உடையும்.

மாற்றுக் கருவியைக் குறை கூறுவதில் பொருளில்லை. அசல் கிடைக்காத இந்நாளில் பழைய வண்டிகளை வாழவைப்பது அதுவே. ஆனால் ஓய்வில் காட்டும் ஒழுங்கை மட்டும் கண்டு அதை நம்பிவிடக்கூடாது; வேகத்திலும் பளுவிலும் சோதித்தே ஏற்க வேண்டும்.