கோடரிப் பிடி வெடிக்காமல் இருக்க

காடு மண்டிய காணியைத் துப்புரவாக்கும்போது முதலில் கைகொடுப்பது கோடரியே. அதன் பிடி வெடித்தால் வேலை தடைப்படும். கழன்று பறக்கும் இரும்பு ஆளையும் காயப்படுத்தும். ஆகவே பிடி ஏன் வெடிக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மரத்தின் நார் பிடியின் நீளத்துக்கு ஓடினால், வெட்டின் அதிர்ச்சியைத் தாங்கும். நார் சரிந்து பக்கத்தால் வெளியேறினால் அந்த இடத்திலேயே பிளக்கும். எனவே வாளால் அரிந்த துண்டைவிட, நார்வழியே பிளந்தெடுத்த துண்டே நல்லது. புளி, கொய்யா மரங்கள் பிடிக்கு உகந்தவை. மரத்தின் நட்டநடுப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்; காயும்போது வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

பச்சை மரத்தில் பிடி போட வேண்டாம். அது காய்ந்து சுருங்க, இரும்பு தளரும். துண்டின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் பல மாதங்கள் உலர விடுங்கள். முனைகளால் ஈரம் விரைவாக வெளியேறுவதாலேயே அங்கு வெடிப்பு உண்டாகிறது. மெழுகு அதனைத் தடுக்கும்.

தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஊறிப் பருத்த மரம் இரும்புக்குள் நெரிபட்டு, உலர்ந்ததும் முன்னரிலும் அதிகமாகத் தளரும். உலர்ந்த மர ஆப்பு அடித்து இறுக்குவதே சரி. வெடித்த பிடியைக் கம்பியால் சுற்றிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், உடனே மாற்றுங்கள்.