உங்களுக்குத் தெரியுமா? ‘செத்த’ ரிமோட் பெரும்பாலும் சாகவே இல்லை!

36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியில் இருந்து உங்கள் கூரை டிஷ்ஷுக்குப் படம் வந்து சேர எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு! அவ்வளவு தூரம் ஓடிவந்த படத்தை, கதிரைக்கும் ரீவிக்கும் இடையிலுள்ள பத்தடி தூரத்தில் மறித்துவிடுகிறது வேலை செய்யாத ஒரு ரிமோட்!

பூமியோடு சேர்ந்தே சுற்றும் செய்மதிகளால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது அவருக்கு வயது வெறும் 27! அதே கிளார்க் 1956இல் எங்கே முக்குளித்தார் தெரியுமா? நம்முடைய திருகோணமலையில், கோணேசர் மலையடியில்! பழைய கோயிலின் இடிபாடுகளைக் கடலுக்குள் கண்டவர்கள் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும்!

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1979இல். ஆனால் கொழும்பில் கிளார்க் வீட்டில் 1975இலேயே ரீவி ஓடியது! இந்தியா கொண்டுவந்து பொருத்திக்கொடுத்த டிஷ் அது!

ரிமோட்டால் முதன்முதலில் ஓட்டிக் காட்டியது எதை? ரீவியை இல்லை, ஒரு படகை! நியூயோர்க்கில் நிகோலா டெஸ்லா அதைச் செய்துகாட்டிய ஆண்டு 1898! 

வயரில்லாத முதல் ரீவி ரிமோட் 1955இல் வந்தது. யூஜின் பாலி செய்த அது, கைத்துப்பாக்கி போலிருக்கும் ஒரு டோர்ச் லைட்! வெயில் ரீவியில் பட்டாலே சனல் தானாக மாறிவிடும்!

அடுத்த ஆண்டே ராபர்ட் அட்லரின் ரிமோட். அதற்குப் பற்றரியே கிடையாது! பொத்தானை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும். அந்த ஓசை மனிதக் காதுக்குக் கேட்காது, ரீவிக்குக் கேட்கும்! சில்லறைக் காசு குலுங்கினாலும் சனல் மாறிய காலம் அது!

நம் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அந்த ரிமோட் எழுப்பியது 40,000ஐ ஒட்டிய ஓசை. நிலாவெளிக் கடலில் துள்ளும் டொல்பின்களுக்கு அது சர்வசாதாரணம். அவற்றின் காது எட்டுவது 100,000க்கும் மேல்!

இன்றைய ரிமோட் பேசுவது ஒளியில். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி! நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தும்போது அது சிமிட்டும் வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை!

கண்ணுக்குத் தெரியாததைப் பல போன்கள் பார்க்கும்! போனின் முன்பக்கக் கமெராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதாப் புள்ளி ஒன்று மினுக்குகிறதா? ரிமோட் உயிரோடு இருக்கிறது! கோளாறு ரீவிப் பக்கம் இருக்கலாம்!

கமெராவே வேண்டாம், பழைய ரேடியோ போதும்! மத்திய அலையில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ரிமோட்டைப் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். பல ரிமோட்டுகள் ‘டிர்ர்ர்’ என்று குரல் கொடுக்கும்!

புள்ளி தெரியவில்லையா? பதறாதீர்கள்! பற்றரியைக் கழற்றாமல் விரலால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முனையில் படிந்த மெல்லிய துரு உரசிப் போகும். பல ரிமோட்டுகள் அந்த இடத்திலேயே எழுந்து உட்காரும்!

உப்புவெளி, உவர்மலை! நம் ஊர்ப் பெயர்களிலேயே உப்பும் உவரும் இருக்கின்றன! ஒரு லீற்றர் கடல்நீரில் 30 கிராமுக்கு மேல் உப்பு. அலை உடையும்போது அது காற்றில் ஏறி, சன்னலால் நுழைந்து, ரிமோட்டின் ஸ்பிரிங்கில் குடியேறுகிறது!

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீராகக் கரையும்! கடற்கரை இரவுகளில் இது சாதாரணம். ஸ்பிரிங் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்!

பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அது அல்கலைன் பற்றரி கசிந்த காரம். வெறுங்கையால் தொடவே கூடாது! மருந்து உங்கள் குசினியில்! பஞ்சில் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ தொட்டு ஒற்றினால், நுரைத்துக்கொண்டு அடங்கும்! பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

சாதாரணப் பற்றரி கசிந்தால் கதை தலைகீழ்! அது அமிலம். அதற்கு அப்பச்சோடா!

சத்தம் கூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா? ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு கறுப்புக் கரிப்பொட்டு இருக்கிறது. வியர்வையும், றப்பரிலிருந்தே கசியும் எண்ணெயும் அதை மூடிவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு ரிமோட்டைத் திறந்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்லத் துடையுங்கள். அதிகம் பாவிக்கும் பொத்தான்தான் முதலில் மக்கர் பண்ணும்!

ஒரே ஒரு பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால் மற்ற எல்லாப் பொத்தான்களும் ஊமையாகிவிடும்! ரிமோட் ஓயாமல் அதையே கத்திக்கொண்டிருக்கும். புதுப் பற்றரியும் சீக்கிரம் காலி!

பற்றரி இரண்டையும் எடுத்துவிட்டு எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். குழம்பிப்போன ரிமோட்டுக்கு இது ஒரு குட்டித் தூக்கம்! விலை, சதமும் இல்லை!

கீழே விழுந்த பிறகு ரிமோட் பேசவில்லையா? பல ரிமோட்டுகளின் உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. விநாடிக்கு 455,000 தடவை அதிர்ந்து தாளம் போடுவது அதுதான்! அது உடைந்தால் தாளம் நின்றது. அந்த ஒரு துண்டை மாற்றினால் ரிமோட் மறுபடி பேசும்!

ரிமோட்டைச் சுவரைப் பார்த்துப் பிடித்தாலும் ரீவி கேட்கும்! வெள்ளைச் சுவர் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆனால் ரீவியின் கண்ணுக்கு முன்னால் சாமிப்படமோ பூச்சாடியோ இருந்தால் கேட்காது! அந்தக் கண்மீது பிற்பகல் வெயில் நேரே அடித்தாலும் அதே கதி. சூரியனும் ஓயாமல் அகச்சிவப்பை வீசிக்கொண்டிருக்கிறது!

புதிய ஸ்மார்ட் ரீவியா? அதன் ரிமோட் பெரும்பாலும் புளூடூத்தில் பேசும். அதனால் ஊதாப் புள்ளி தெரியாமலும் போகலாம்! அது பழுதல்ல. ரிமோட் வேலை செய்யாவிட்டால் இணைப்பு அறுந்திருக்கலாம். மறுபடி இணைத்தால் முடிந்தது வேலை!

ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை போட்டு றப்பர் பாண்ட் மாட்டும் நம் வீட்டு அம்மாக்கள், அறிவியல் படித்தவர்களையும் வென்றுவிட்டார்கள்! உப்புக்காற்றும் கைவியர்வையும் உள்ளே புகாமல் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை!

ஆகவே கடைக்கு ஓடுமுன் வரிசையாகப் பாருங்கள். பற்றரி, ஸ்பிரிங், கமெராப் புள்ளி, கரிப்பொட்டு, ரீவியின் கண். ஐந்தே ஐந்து! தீர்ந்த பற்றரியைக் கடற்கரையில் மட்டும் வீசிவிடாதீர்கள். வெளியூருக்குப் போகும்போது பற்றரிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ஒரு பொத்தானை அழுத்துங்கள், 36,000 கிலோமீற்றர் தாண்டி வந்த படம் உங்கள் வீட்டுக்குள் நிற்கும்!