இருபத்தாறாம் மைற்கல்

புறத்திணைத் துறைகளுள் கையறுநிலை என்பது ஒன்று. தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது நின்று இரங்குவதே அதன் பொருள் என்று வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். நாள்தோறும் மோட்டார்ச் சைக்கிளிற் கல்லூரிக்கு வருகின்றவன்; அதன் வேகங் குறித்து என்னிடம் கடிந்துரையும் பெற்றவன்.

"ஐயா, மோட்டார்ச் சைக்கிட் பந்தயக்காரர் ஒருவர் இறந்தபோது ஐம்பதினாயிரம் பேர் கூடி அழுதார்களாம். அவர் அவர்களுக்கு அரசரும் அல்லர். பொன்னும் பொருளும் கொடுத்தவரும் அல்லர். அதுவும் கையறுநிலையில் அடங்குமா?" என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்து, "வேகத்தை விரும்பி மாண்டவனுக்கு இரங்குவார் இருக்கலாம்; அதனைத் துறையென்று சொல்லுதல் மிகை" என்று ஏதோ கூறிப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அம்மாணவன் குறிப்பிட்டவரைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். என் விடை பிழையென்று கண்டேன். கண்டதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். அங்குச் சொன்னவற்றையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

அவர் பெயர் வில்லியம் ஜோசப் டன்லொப். ஊராருக்கும் பின்னர் உலகத்தாருக்கும் அவர் வெறும் ஜோய். வட அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியிலே, பாலிமணி என்னும் சிற்றூர்ப் புறத்தில் 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி பிறந்தார். அவ்வூரிற் குடிமனை ஒன்றை நடத்தி வந்தார். நம் நாட்டிலே தவறணை என்று வழங்குகின்றோமே, அந்தச் சொல்லோடு ஒத்த ஆங்கிலச் சொல்லையே அக்குடிமனையும் ஒரு காலத்திற் பெயராகக் கொண்டிருந்தது. பேச்சுக் குறைந்தவர். தம் எந்திரத்தைத் தாமே கழற்றிப் பூட்டுபவர். மஞ்சள் நிறத் தலைக்கவசமும் மூன்றாம் இலக்கமும் அவருக்குரிய அடையாளங்கள்.

அவர் ஓடிய பந்தயங்களின் இயல்பை அறிந்தாலன்றி அவருக்காக அழுதவர்களை அறிந்துகொள்ளுதல் இயலாது. பந்தயத்துக்கென்றே அமைத்த வட்டப்பாதைகளில், வேலிக்கும் மணற்பரப்புக்கும் அப்பால் மக்கள் இருந்து பார்க்கும் பந்தயங்கள் ஒருவகை. அயர்லாந்திலும் மான் தீவிலும் நடப்பவை வேறுவகை. அங்கே ஊராரின் அன்றாடத் தெருவே சில மணி நேரம் அடைக்கப்பட்டுப் பந்தயப் பாதையாகின்றது. மான் தீவில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய 'ரூரிஸ்ற் ட்ரோபி' என்னும் பந்தயம், 1911ஆம் ஆண்டு முதல் மலைப்பாதையில் நடந்துவருகின்றது. ஒரு சுற்று முப்பத்தேழே முக்கால் மைல். இருமருங்கும் கற்சுவர், வீட்டு வாயில், விளக்குக் கம்பம், மரம். அப்பாதை இதுவரை உண்ட உயிர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல். இத்தாலிய வீரர் கில்பேர்த்தோ பார்லொற்றி 1972ஆம் ஆண்டு அங்கு இறந்தபின், பெயர்பெற்ற வீரர் சிலர் இனி அங்கு ஓடோம் என்று விலகினர். 1976ஆம் ஆண்டுடன் அப்பந்தயம் உலக வீரர் பட்டத்துக்குரிய வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, பெரியோர் கைவிட்ட அந்தப் பாதையிலே, ஜோய் டன்லொப் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 2000ஆம் ஆண்டளவில் அவ்வெற்றிகள் இருபத்தாறாயின.

இத்தகைய பந்தயத்தைப் பார்ப்பவர் பெருமண்டபத்தில் இருப்பவர் அல்லர். வயல் வரப்பிலும் புல்மேட்டிலும் சுவரின்மேலும் அமர்ந்திருப்பர். கைக்கெட்டுந் தொலைவில் வீரன் பறந்து செல்வான். ஒலியைக் கேட்டே எந்திரம் இன்னது என்று சொல்லும் கிழவர்கள் அங்கு உளர். ஓட்டம் முடிந்தபின் அதே வீரன் புல்வெளியிலே தன் வானின் அருகிற் கையில் எண்ணெய்க் கறையுடன் நிற்பான், சென்று பேசலாம். ஜோயைப் பொறுத்தவரை, பாலிமணிக்குச் சென்றால் அவருடைய குடிமனையிலேயே அவரைக் காணலாம். எட்ட நின்று போற்றப்படும் நாயகன் வேறு. அடுத்த வீட்டு அண்ணன் போன்ற நாயகன் வேறு. இரண்டாமவன் இறந்தால் வீட்டிற் சாவு விழுந்ததாகவே இருக்கும்.

1985ஆம் ஆண்டு மான் தீவுக்குச் செல்லும் வழியில் அவர் ஏறியிருந்த படகு ஸ்ராங்போர்ட் கடற்கழியில் மூழ்கியது. நீரிலிருந்து மீட்கப்பட்டவர் தீவை அடைந்து, அவ்வாண்டு மூன்று பந்தயங்களில் வென்றார். இரசிகர்கள் இக்கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர். எனக்கு இதனிலும் பெரிதாகத் தோன்றுவது மற்றொன்று. ருமேனியா, பொஸ்னியா, அல்பேனியா முதலிய நாடுகளின் அநாதை இல்லங்களுக்கு உணவும் உடையும் ஏற்றிக்கொண்டு, தாமே வானைச் செலுத்தி ஐரோப்பாவைக் கடந்து சென்று கொடுத்துவிட்டு வருவார். விளம்பரஞ் செய்துகொள்ளவில்லை. 1986ஆம் ஆண்டு பந்தயத் திறமைக்காகப் பிரித்தானிய அரசின் விருதைப் பெற்றவர், 1996ஆம் ஆண்டு அதனினும் உயர்ந்த விருதொன்றை இவ்வறப்பணிக்காகப் பெற்றார். பொருள் கொடுத்தவர் அல்லர் என்று என் மாணவன் சொன்னது முழுதும் சரியன்று. கொடுத்தார், தம்மைப் புகழ இயலாத குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாற்பத்தெட்டு வயதிலே, மான் தீவில் மீண்டும் மூன்று வெற்றிகள். இளையோர் ஓயும் வயதையும் கடந்த ஒருவர் பெற்ற அவ்வெற்றிகளை மக்கள் கொண்டாடி முடிப்பதற்குள் செய்தி வந்தது. எஸ்தோனியா நாட்டின் தலைநகரான தாலினை அடுத்து, மரங்கள் அடர்ந்த பகுதியூடே செல்லும் பாதை. பெரிய எந்திரங்களுக்கான இரு பந்தயங்களில் ஏற்கெனவே வென்றுவிட்டார். எஞ்சியது நூற்றிருபத்தைந்து கன சென்ரிமீற்றர் எந்திரத்துக்கான சிறு பந்தயம். மழை. முன்னணியிற் சென்றவர் பாதை வழுவி மரங்களில் மோதினார். ஜூலை 2ஆந் திகதி அங்கேயே உயிர் பிரிந்தது.

ஜூலை 7ஆந் திகதி பாலிமணியை அடுத்த கரிடவ் தேவாலயத்தில் அடக்கம். அவ்வூரின் மக்கள்தொகை பத்தாயிரத்தளவே. வந்தவர்களோ ஏறத்தாழ ஐம்பதினாயிரம். இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்தின் தென்பாகத்திலிருந்தும் மோட்டார்ச் சைக்கிள்கள் வந்தன. நாட்டுப்புறச் சாலையின் இரு ஓரங்களிலும் மக்கள் நின்றனர். எத்தகைய வேலியோரங்களில் நின்று அவர் பறந்து செல்வதைக் கண்களாற் பற்ற முயன்றனரோ, அத்தகைய வேலியோரங்களில் நின்று அன்று அவரை மெல்ல மெல்லக் கடந்துபோகக் கண்டனர்.

இவ்விடத்தில் அந்நாட்டின் நிலையையும் சொல்லுதல் வேண்டும். வட அயர்லாந்தில் ஒருவன் புரட்டஸ்தாந்தனா, கத்தோலிக்கனா என்பது அவன் கற்கும் பள்ளியையும் குடியிருக்குந் தெருவையும் வகுத்துவிடும். தெருவோரக் கற்களுக்குப் பூசிய வண்ணத்தைக் கொண்டே அத்தெரு இன்ன சாரார்க்குரியது என்று அறியலாம். முப்பதாண்டுகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட பூசல் அது. சமாதான உடன்பாடு 1998ஆம் ஆண்டு ஏப்ரலிற் கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டு ஜூலை 12ஆந் திகதி, இதே பாலிமணியில், வீடொன்றின்மீது தீக்குண்டு எறியப்பட்டு, உறங்கிக்கொண்டிருந்த உடன்பிறந்த சிறுவர் மூவர் எரிந்து மாண்டனர். ஈராண்டுகூட நிறையவில்லை; அவ்வூருக்கு இரு சாராரும் வந்து ஒரே பெட்டியின் பின் நடந்தனர். ஜோய் புரட்டஸ்தாந்த குடியிற் பிறந்தவர். ஆயினும் வேலியோரத்தில் நிற்பவனை இன்ன கோயிலுக்குச் செல்பவன் என்று அவர் நோக்கியதாக எவருஞ் சொல்லவில்லை. அவருடைய ஊர்வலம் பகையைத் தீர்த்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது உண்மையன்று. அந்த ஜூலை மாதத்திலேயே வேறு ஊர்வலங்களின் பொருட்டுக் கலகங்கள் நிகழ்ந்தன. ஆனால் ஒரு நாளேனும் அவர்களின் கண்ணீருக்கு வண்ணம் பூச எவராலும் இயலவில்லை.

இனி, என்னை மிகவும் வருத்திய ஒன்று. அவரைக் கொன்ற ஆட்டத்தைக் காசு கொடுத்துக் கண்டுகளித்தவர் யார்? அழுத அதே மக்கள் அல்லரோ? ஆபத்தில்லாத பாதையில் ஓடியிருந்தால் இத்தனை பேர் வேலியோரத்தில் நின்றிருப்பரோ? "தாம் விரும்பியதைச் செய்துகொண்டே இறந்தார்" என்பது பந்தய இரசிகரிடை வழங்கும் தேறுதல்மொழி. மனைவியும் ஐந்து மக்களும் உடைய வீட்டிலே அம்மொழி எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றேன். அது நின்று பார்த்தவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது. அதனை அறியாதவர் அல்லர் அவர்கள். அவர்களின் துயரத்தின் ஒரு பகுதி அவ்வறிவே என்று நினைக்கின்றேன். போரை உவந்து பாடியவரே போரில் வீழ்ந்தவனுக்கு இரங்கிப் பாடும் நம் பழம்புலவரிடத்தும் இந்நெருடல் உண்டு. பாட்டின் இனிமையில் நாம் அதனைக் கவனியாது விட்டுவிடுகின்றோம்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைக்கொடியை விளித்துப் பாடியதை நம் மாணவர் அறிவர். 2001ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயம் நடைபெறவில்லை. பிரித்தானியாவிற் பரவிய கோமாரி நோயே அதற்குக் காரணம், துக்கம் அன்று. ஆயினும் ஜோய் இல்லாத முதற் கோடையிலே மலைப்பாதை ஓசையற்றுக் கிடந்தது என்பதைப் படித்தபோது, அந்த முல்லையை நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

அக்குடும்பத்தார் ஓட்டத்தை விட்டாரல்லர். ஜோயின் தம்பி றொபேட் 2008ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி அயர்லாந்தின் வடகரையிற் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். இரண்டு நாட் கழித்து, தந்தையின் உடல் அடக்கஞ் செய்யப்படுமுன், மகன் மைக்கல் அதே பாதையில் ஓடி வென்றார். மைக்கலின் தமையன் வில்லியம் 2018ஆம் ஆண்டு மற்றொரு பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். இதனை வீரம் என்பதா, விதி என்பதா, பிடிவாதம் என்பதா? என் மாணவன் வீரம் என்கின்றான். நான் இன்னும் ஒன்றுஞ் சொல்லவில்லை.

மான் தீவின் மலைமேல், ஜோய் தம் மோட்டார்ச் சைக்கிளில் அமர்ந்து பாதையை நோக்கும் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. அப்பாதையின் இருபத்தாறாம் மைற்கல் அமைந்த வளைவுக்கு, அவருடைய இருபத்தாறு வெற்றிகளின் நினைவாக, அவர் பெயரையே இட்டிருக்கின்றனர். பெயரும் பீடும் எழுதி நட்ட கற்கள் நமக்குப் புதியன அல்ல. 2024ஆம் ஆண்டு மைக்கல் அத்தீவிலே தம் இருபத்தேழாவது வெற்றியைப் பெற்றார். அவ்வோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பெரியதந்தையின் பெயர் தாங்கிய அம்மைற்கல்லைக் கடந்தே சென்றார்.